கூட்டு உருவங்கள்: முதலில் வெட்டுக்கோடு, பிறகு சூத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நடுநிலை வகுப்புகளில் கூட்டு உருவங்களின் (செவ்வகம், அரைவட்டம் போன்ற எளிய உருவங்கள் சேர்ந்தவை) பரப்பளவைச் சூத்திரப் பட்டியலிலிருந்து தொடங்கும் வழக்கம் மாற வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது சூத்திரத்தில் அல்ல. உருவத்தை எங்கே வெட்டுவது, வெட்டிய துண்டின் பக்கம் எவ்வளவு என்பதில்தான்.

10 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம் கொண்ட செவ்வகத்தின் மேல் மூலையில் 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரமுள்ள துண்டை நீக்கியிருக்கிறார்கள் என்று கொள்வோம். குறுக்கே கோடு போட்டால் கீழே 10 × 5, மேலே 6 × 3. மொத்தம் 68 ச.செ.மீ. கோடு போடாமல் கண்ணில் படும் அளவுகளைப் பெருக்கும் மாணவர் 10 × 5, 6 × 8 என்று எடுத்து 98 என எழுதுவார். 6 × 5 பகுதி, அதாவது 30, இரண்டு முறை சேர்ந்துவிட்டது. விடைத்தாளில் வெறும் 'தவறு' என்று சுழிப்பதைவிட, அந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவரே கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே வெட்டுக்கோட்டை முதலில் வரையச் சொல்லுங்கள். தராத பக்கங்களைக் கழித்துக் கண்டு (8 − 3 = 5, 10 − 4 = 6) படத்திலேயே குறித்து, துண்டுகளுக்கு எண்ணிட்ட பிறகுதான் பெருக்கல். முழுச் செவ்வகத்திலிருந்து மூலையைக் கழித்தும் பார்க்கட்டும்: 80 − 12 = 68. இரண்டு வழியிலும் ஒரே விடை வரும்போது கிடைக்கும் நம்பிக்கையை எந்தச் சூத்திரமும் தராது.

அரைவட்டம் சேர்ந்தால் வேறு சிக்கல். 20 × 14 செவ்வகத்தின் 14 செ.மீ. பக்கத்தில் வெளிப்புறமாக அரைவட்டம் இருந்தால் ஆரம் 7. π-ஐ 22/7 என்று கொண்டால் அரைவட்டப் பரப்பு 77, மொத்தம் 357 ச.செ.மீ. விட்டத்தையே ஆரமாக எடுத்தால் 77 நான்கு மடங்காகி 308 ஆகிவிடும். இதே படத்தில் சுற்றளவு கேட்டால் இரண்டும் ஒட்டும் அந்த 14-ஐச் சேர்க்கக் கூடாது: அரைவட்ட வளைவின் நீளம் 22, ஆகவே 20 + 14 + 20 + 22 = 76 செ.மீ.

வெளிப்புறப் பாதைக் கணக்கில் அகலத்தை ஒரு பக்கம் மட்டும் கூட்டுவது மிகப் பரவலான தவறு. 30 × 20 மீ. தோட்டத்தைச் சுற்றி 2 மீ. பாதை என்றால் வெளி அளவு 34 × 24; 32 × 22 அல்ல. பாதையின் பரப்பு 816 − 600 = 216 ச.மீ.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இத்தகைய கணக்குகளை வெளியிடும்போது, ஓரிரு பக்க அளவுகளைத் தராமல் விட்டு, விடையை இரண்டு வழிகளில், வெட்டுக்கோடு வரைந்த படத்தோடு அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்