ஸ்டார்ட் ஆனால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுத்து வீட்டுக்கு ஓட்டிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக இரண்டு பேட்டரி, கொஞ்சம் டீசல், செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட், அன்றைக்கே நெடுஞ்சாலை என்று அதில் சொல்லியிருக்கும் வரிசை ஆபத்தானது. பேட்டரிக்கும் என்ஜினுக்கும் பாதிப் பக்கம் ஒதுக்கிய கட்டுரை, பிரேக்கை ஒரே வரியில் முடித்துவிட்டது. நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். என்ஜின் நின்றுபோனால் வண்டியை ஓரங்கட்டலாம். பிரேக் போனால், சுமை இல்லாமலேயே கிட்டத்தட்ட 6 டன் எடையுள்ள வண்டியை நிறுத்த வழியில்லை.

இந்த வண்டியின் பிரேக் அமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எண்ணெய் ஏர் பேக் (air pack) என்ற உதவிக் கருவிக்குப் போகும். அங்கே காற்று அழுத்தம் அதற்கு உதவியாக வந்து, ஆறு சக்கரங்களின் வீல் சிலிண்டர்களுக்கும் எண்ணெயைத் தள்ளும். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, ஏர் பேக் ஒன்று, எண்ணெய் போகும் வழியும் ஒன்றுதான். இன்றைய கார்களில் இருப்பதுபோல் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரிவு கிடையாது. ஆறில் ஏதாவது ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தாலோ, ஒரு ஹோஸ் வெடித்தாலோ, சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாய் ஒரே இடத்தில் துருப்பிடித்து ஓட்டையானாலோ ஆறு சக்கரங்களிலும் பிரேக் ஒன்றாகப் போகும். காற்றுத் தொட்டி நிரம்பியிருப்பதால் பயனில்லை. காற்று வெறும் துணைதான். மிக இளைய ஏ2 வண்டிக்கே இன்று 35 வயதுக்கு மேல். பல காலம் வெட்டவெளியில் நின்ற வண்டியின் ரப்பரை, இதுவரை தாங்கியதே என்று நம்பிவிட முடியாது.

ஏல முற்றத்திலேயே, வண்டியை நகர்த்தும் முன், ஒரு டார்ச் விளக்குடன் கீழே படுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கத் தகட்டின் அடிவிளிம்பும், டயரின் உட்சுவரும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் தொட்டு மோந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் அது ஆக்ஸிலிலிருந்து சீல் தாண்டி வந்த கியர் ஆயில்; டிரம்முக்குள் உராய்ந்து பிடிக்கும் ஷூவின் லைனிங் அதில் ஊறியிருக்கும், அந்தச் சக்கரம் பிடிக்காது, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மெல்லியதாக, வழுவழுப்பாக, நெடியில்லாமல் இருந்தால் பிரேக் எண்ணெய். இரண்டில் எது தெரிந்தாலும் அந்த டிரம்மைக் கழற்றாமல் சாலைக்குப் போகக்கூடாது. லைனிங்கில் ஊறிய எண்ணெயைப் பெட்ரோல் போட்டுத் துடைத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். சூடு ஏறியதும் உள்ளிருந்து மறுபடி கசியும். ஷூவை மாற்றுவதுதான் வழி.

எண்ணெய் வகையிலும் குழப்பம் நடக்கிறது. 1980-களிலேயே அமெரிக்க ராணுவம் சிலிகான் பிரேக் எண்ணெய்க்கு, அதாவது டாட் 5-க்கு மாறிவிட்டது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. பெயரில் நெருங்கியிருந்தாலும் டாட் 5.1-ம் கிளைக்கால்தான். இவை சிலிகானோடு கலக்காது. உள்ளே இருப்பது எது என்று அறிய, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விடுங்கள். கரைந்து போனால் கிளைக்கால். கரையாமல் மேலே மிதந்தால் சிலிகான். சிலிகானை டப்பாவோடு குலுக்கவும் கூடாது, உயரத்திலிருந்து ஊற்றவும் கூடாது. நுண்ணிய காற்றுக் குமிழ்கள் அதில் தங்கி, மிதி பஞ்சுபோல் அமுங்கும். எண்ணெய் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது முதலில் ஏர் பேக், பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பின்சக்கரம், அங்கிருந்து முன்னோக்கி வர வேண்டும்.

எண்ணெய் குறைகிறது, ஆனால் கசிவு எங்கும் தெரியவில்லை என்றால் ஏர் பேக்கைச் சந்தேகியுங்கள். அதன் உள் சீல் தேய்ந்தால் எண்ணெய் காற்றுப் பக்கத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும். தரையில் ஒரு சொட்டும் விழாது. காற்றுக்குழாய் இணைப்பைக் கழற்றி உள்ளே எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ரப்பர் ஹோஸ்களில் வேறொரு வகைப் பழுது உண்டு. வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும்போது எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடி டிரம் சூடேறிவிடும். ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி, மிதித்து விட்டு, கையால் சுற்றிப் பார்த்தால் இது பிடிபடும். விலை குறைந்த உருப்படி என்பதால், சந்தேகம் இருந்தால் எல்லா ஹோஸ்களையும் மாற்றிவிடுவதே என் கருத்து.

காற்றுத் தொட்டிகளின் அடியில் உள்ள திருகுகளைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். துருநீர் குபுகுபுவென்று வருவது சகஜம். சுவிட்சைப் போட்டதும் காற்றுக் குறைவுக்கான அலறி ஒலிக்க வேண்டும். முள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 பவுண்டைத் தாண்டியதும் அடங்க வேண்டும். தொடக்கத்திலேயே அலறாவிட்டால் காற்று இருக்கிறது என்று பொருளல்ல, அலறி கெட்டிருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் ஏறியபின் என்ஜினை நிறுத்தி, ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் வண்டியைச் சுற்றி நடந்து சீறல் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அந்த வண்டி அன்று ஓடக்கூடாது.

அடுத்தது டயர். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக எட்டு எனப் பத்து டயரிலும் பட்டன் ஆழமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துக்களின் முடிவில் உள்ள எண்ணைப் படியுங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. பக்கச்சுவரில் வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் அதைக் கழித்துவிடுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் இருப்பதால் அங்கே ஒன்று வெடித்தாலும் சமாளிக்கலாம். முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. எனவே இருப்பதில் நல்ல இரண்டையும் முன்னால் போடுங்கள்.

வளையம் வைத்துப் பூட்டும் ரிம்மில் உள்ள டயரில் காற்று இறங்கியிருந்தால், அதை வண்டியிலேயே வைத்துக் காற்றடிக்காதீர்கள். பரிந்துரைத்த அழுத்தத்தில் 80 விழுக்காடோ அதற்குக் கீழோ இருக்கும்போது ஓடிய டயரை, வால்வு ஊசியை எடுத்து முழுதும் காற்று இறக்கி, கழற்றி, வளையத்தையும் ரிம்மையும் சோதித்த பிறகே கூண்டுக்குள் வைத்து நிரப்ப வேண்டும். வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

வீல் நட்டில் பலர் தவறுவது இடது பக்கத்தில். இடப்பக்கச் சக்கரங்களில் மரை எதிர்த்திசை. நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டின் முனையில் அதற்கான எழுத்து பொறித்திருக்கும். வழக்கமான திசையிலேயே நீண்ட கம்பியைப் போட்டு முழுப் பலத்தில் ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும். பின்சக்கரத்தில் உள்சக்கரத்தைப் பிடிப்பது சதுரத் தலையுள்ள உள்நட்டு. அதன்மேல் ஏறுவது வெளிச்சக்கரத்தின் 1½ அங்குல நட்டு. வெளிநட்டை மட்டும் இறுக்கினால் உள்சக்கரம் தளர்ந்திருப்பது தெரியாது. வெளிநட்டைத் தளர்த்தி, உள்நட்டை இறுக்கி, பிறகு வெளிநட்டைத் திரும்ப இறுக்க வேண்டும். ஒரு ஸ்டட்டில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்த வேண்டாம். முறுக்கு அளவு, டயர் அழுத்தம், ஆயில் அளவு எல்லாமே ராணுவக் கையேடுகளில் உள்ளன. ஓட்டுநருக்கானது டிஎம் 9-2320-361-10. கையில் அது இல்லாமல் புறப்பட வேண்டாம்.

கியர்பாக்ஸ், முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்று டிஃபரன்ஷியல் என ஐந்து இடத்திலும் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். ஷாஃப்ட் கிராஸ்களுக்கு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் அடியுங்கள்.

மின்சாரம் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக. முனைகளை மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டரும் ரெகுலேட்டரும் நொடியில் போகும். கார் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து ஸ்டார்ட் செய்யவும் முயலாதீர்கள்.

இனி என்ஜின். ஆயில் கம்பியில் அளவு குறைந்திருந்தால் ஊற்றலாம். கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். பலவகை எரிபொருளில் ஓடும் என்ஜின் என்பதால் தொட்டியில் முன்பு எது ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடைப்பைத் திறந்து அடிநீரை வடித்து, ஃபில்டர்களை மாற்றி, புது டீசல் ஊற்றுங்கள். சுவிட்சைப் போட்டால் தொட்டிக்குள் இருக்கும் பம்ப் முனகுவது கேட்க வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் இன்ஜெக்‌ஷன் பம்ப் ஒட்டிக்கொண்டு, ஸ்டார்ட் ஆனதும் முழு வேகத்தில் ஓடி, நிறுத்தும் கேபிளை இழுத்தாலும் அடங்காமல் போகக்கூடும். அதனால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அந்தக் கேபிள் மறுமுனைவரை அசைகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று உறிஞ்சும் வாயை மூட ஒரு தட்டைப் பலகையுடன் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையால் மூடக்கூடாது. கேபிளை இழுத்துப் பிடித்தபடி, ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் போகாமல், இடையில் ஓய்வு கொடுத்து, ஆயில் அழுத்த முள் அசையும்வரை செல்ஃப் அடியுங்கள். பிறகே ஸ்டார்ட். நிறுத்தும்போது சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். டர்போ சூட்டோடு நின்றால் அதன் பேரிங் ஆயிலின்றிக் கருகும்.

ஓட்டத்தை முற்றத்திலேயே தொடங்குங்கள். நடை வேகத்தில் பத்துத் தடவையாவது பிரேக் போட்டுப் பாருங்கள், பிறகு 30 கிலோமீட்டர் வேகத்தில். சாலையில் முதல் 15 கிலோமீட்டரில் நிறுத்தி, ஆறு சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்பையும் புறங்கையால் நெருங்கிப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டியிருக்கிறது, அல்லது பேரிங் சூடேறுகிறது. நட்டுகளை அப்போது ஒரு முறையும் 80 கிலோமீட்டரில் ஒரு முறையும் இறுக்கிப் பாருங்கள். இந்த என்ஜினின் உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 2600தான். மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் முதல் பயணத்தில் தேவையில்லை. மேட்டில் ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்கத்திலும் இறங்குங்கள். நடுவழியில் கியர் மாற்ற நினைத்து நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் பிரேக் ஒன்றுதான் மிஞ்சும்.

கைப்பிரேக்கையும் நம்பவேண்டாம். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டின் மேல் உள்ள ஒரு சிறு டிரம்மைப் பிடிக்கிறது. நெம்புகோல் முனையில் உள்ள குமிழைத் திருகி அதை இறுக்கலாம். பழுதாகி இழுத்துச் செல்ல நேர்ந்தால் ஷாஃப்ட்டுகளைக் கழற்ற வேண்டும், இல்லையேல் கியர்பாக்ஸ் உள்ளே ஆயில் சுற்றாமல் தேயும். ஷாஃப்ட்டைக் கழற்றிய கணத்திலிருந்து கைப்பிரேக் இல்லை. எனவே கழற்றும் முன்பே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை போட்டிருக்க வேண்டும்.

உரிமைப் பத்திரத்துக்கான எஸ்எஃப் 97 படிவத்தில் உள்ள எண்ணும் வண்டித் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பணம் கட்டிய இடத்திலேயே பாருங்கள்.

டிரம்மைத் திறந்து பார்க்க முற்றத்தில் இடமோ நேரமோ தரவில்லை என்றால், வண்டியை டிரெய்லரில் ஏற்றிச் செல்வதுதான் சரி. தங்கள் கட்டுரையில் அந்த வழி சொல்லப்படவே இல்லை. ஒரு திருத்தமாகவேனும் அதையும், ஒரே எண்ணெய் வழியில் ஆறு பிரேக்கும் இருக்கின்றன என்பதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கனரக வாகனப் பழுதுபார்ப்பில் உள்ள வாசகர்