கிளீட் ஆணிக்குப் பதிலாகப் பிராட் ஆணி அனுப்பியமை தொடர்பான முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.

முகாமையாளர்,
விற்பனைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்களிடம் வாங்கிய 400 சதுர அடி கெம்பாஸ் வன்மரத் தரைப்பலகையுடன் 16 கேஜ் (கேஜ் எண் கூடக்கூட ஆணி மெல்லியது), 2 அங்குலக் கிளீட் ஆணியும் கேட்டிருந்தோம். பலகை 19 மி.மீ. தடிப்பு, 3 அங்குல அகலம், ஒரு விளிம்பில் நீட்டிய நாக்கும் மறு விளிம்பில் அது பொருந்தும் காடியும் வெட்டியது. வந்து சேர்ந்ததோ 18 கேஜ் பிராட் ஆணி, 1000 கொண்ட ஒரேயொரு பெட்டி. "நீளம் ஒன்றுதானே, இரண்டும் ஒரே வேலைதான்" என்று உங்கள் விற்பனையாளர் தொலைபேசியில் சொன்னார். நீளம் ஒன்றுதான். வேலை வேறு.

கிளீட் ஆணி ஏறக்குறைய 1.6 மி.மீ. தடிப்பு. அதன் தண்டில் பல் வெட்டியிருக்கும், எல் வடிவத் தலை நாக்கை அழுத்திப் பிடிக்கும். பிராட் ஆணி 1.2 மி.மீ. தான், தண்டு வழவழப்பு, தலை இருக்கிறதென்று சொல்லவே முடியாது. மார்கழி மழையில் ஊதிய பலகை, வைகாசிக்குப் பிறகு வறண்ட கச்சான் காற்று வீசும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் அந்த வழவழப்பான தண்டு கீழே விரித்த பிளைவூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும், அல்லது தலை நாக்குக்குள் புதைந்து பலகை கழன்றுவிடும். கால் வைத்தால் கிரீச்சிடுவது அதனால்தான்.

கருவியிலும் வேறுபாடு உண்டு. கிளீட் துப்பாக்கியைச் சுத்தியலால் அடிக்கும்போது அந்த அடியே பலகையை முன்வரிசையோடு இறுக்கிவிடும். ஆணி 45 பாகையில் நாக்கின் மேல்மூலையில் இறங்கும். பிராட் துப்பாக்கி ஆணியைத் தள்ளுமேயன்றிப் பலகையை இழுக்காது. போதாததற்குக் கெம்பாஸ் இரும்புபோன்ற மரம். துப்பாக்கியை 70 பி.எஸ்.ஐ. காற்றமுக்கத்தில் வைத்து அடித்தால் ஆணித்தலை வெளியே நின்று அடுத்த பலகையின் காடியைப் பொருந்த விடவில்லை. 100க்கு ஏற்றினால் நாக்கு பிளந்தது, அல்லது ஆணி மரத்தின் இரேகையோடு வளைந்து பக்கத்தால் வந்தது. 60 சதுர அடியோடு வேலையை நிறுத்தினோம். அதற்குள் 23 பலகைகளின் நாக்கு பழுது.

ஈரத்தைக் காரணம் காட்டவும் இடமில்லை. ஈரப்பதம் பலகையில் 11 வீதம், கீழுள்ள 19 மி.மீ. பிளைவூட்டில் 13 வீதம். இந்த அகலத்துக்கு 2 வீத வித்தியாசம் ஏற்றுக்கொள்ளக்கூடியதே. சுவரோரம் 19 மி.மீ. இடைவெளியும் விட்டிருக்கிறோம்.

இனி எண்ணிக்கை. சராசரி 4 அடி நீளமென்றால் 400 பலகை. இரு முனையிலும் 2 அங்குலம் தள்ளி, 8 அங்குலத்துக்கு மிகாத இடைவெளியில் அடித்தால் பலகைக்கு 7 ஆணி, மொத்தம் 2800. நீங்கள் அனுப்பிய 1000ஐப் பங்கிட்டால் பலகைக்கு இரண்டரை. அந்த அரை ஆணியை எங்கே அடிப்பதென்று உங்கள் துண்டுப்பிரசுரத்திலும் இல்லை.

ஆணியின் மெல்லிய துத்தநாகப் பூச்சும் இங்கே நிற்காது. கடற்கரை உப்புக்காற்று ஒருபுறம், இலேசான அமிலத் தன்மையுள்ள கெம்பாஸ் மரம் மறுபுறம். ஆகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளீட்டே வேண்டும். பிராட் ஆணியைக் குறை சொல்லவில்லை. சுவரோர இடைவெளியை மூடும் பீடிங் சட்டம் அடிக்க அதுவே நல்லது. தரையைப் பிடிக்க அது ஆகாது.

நாங்கள் கேட்பவை: கழிவையும் சேர்த்து 3000 ஸ்டெயின்லெஸ் கிளீட் ஆணி (16 கேஜ், 2 அங்குலம்), பழுதான 23 பலகைகளுக்கு அதே தொகுதியிலிருந்து மாற்று, பிராட் பெட்டியின் முழுப்பணம். போக்குவரத்துச் செலவு உங்களுடையது. விலைகூடிய ஸ்டெயின்லெஸ் ஆணிக்கான வித்தியாசத்தை நாங்கள் தருவோம், அதில் பிணக்கில்லை. "எந்த 2 அங்குல ஆணியும் பொருந்தும்" என்ற வரியைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து நீக்கவும் வேண்டும்.

கட்டளைப் படிவம், பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளும், பிளந்த நாக்குகளின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம். கழற்றிய பலகைகளை அதுவரை எறியாமல் வைத்திருக்கிறோம். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தச்சு வேலைத்தலத்தினர்