எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்: எங்கள் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், துணைத்தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஆணையர் அனைவருக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அலுவலக மெஷின் மக்கர் செய்யும்போதெல்லாம் மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் என் கடைக்குத்தான் நகலெடுக்க வரும். முப்பது, முப்பத்தைந்து பக்கம். உறுப்பினருக்கு ஒரு செட். பின் அடிக்கும்போது கண்ணில் படுவதைப் படிக்காமல் இருக்க முடியாது. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் அதைக் கையில் வைத்திருப்பவர்களைவிட நான் கொஞ்சம் கூடுதலாகப் படித்திருப்பேன், அவ்வளவுதான்.

போன கூட்டத்தின் நிரலில் 37-வது பொருள் எங்கள் வார்டைப் பற்றியது. அம்மன் கோயில் பொங்கல் திருவிழாவுக்காகக் கூடுதல் தூய்மைப் பணியாளர்களை அமர்த்தியது, ப்ளீச்சிங் பவுடர் போட்டது, தற்காலிக விளக்குகள் கட்டியது ஆகியவற்றுக்கான செலவினம் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்' வைக்கப்பட்டிருந்தது. அனுமதித்துவிட்டீர்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் ஒருவர்கூட வீட்டில் இருக்க மாட்டார்கள், எல்லோரும் அக்னிச்சட்டி பார்க்கக் கோயில் வாசலில்தான் நிற்பார்கள் என்பது நகராட்சிக்கு ரூபாய் பைசா கணக்கோடு தெரிந்திருக்கிறது.

அந்த ராத்திரியில்தான், பதினோரு நாள் கழித்து, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்தீர்கள்.

எதிர் வீட்டு மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர், தனியாக இருப்பவர். எங்கள் தெருவில் குழாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேகம் பத்தாது என்று வாசலில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் இறக்கி வைத்திருப்போம். மதினி படுக்கப்போகும் முன் அந்தக் குழாயைத் திறந்துவிட்டு, அதன் நேர் கீழே ஓர் எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து வைப்பார். தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் முதலில் காற்று வரும், புஸ்ஸென்று. அப்புறம் சொட்டு. அது கவிழ்ந்த குடத்தின் அடியில் விழும் சத்தம் கேட்டதும் எழுந்துகொள்வார். வெயில் காலம், பனிக்காலம் எல்லாம் திண்ணையில்தான் தூக்கம். உள்ளே படுத்தால் சத்தம் கேட்காது. எழுந்ததும் எங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார். எங்கள் தெருவின் பாதி வீடுகள் அந்தக் குடத்தை நம்பித்தான் தூங்குகின்றன. அவர் காய்ச்சலாகப் படுத்த ஒரு வாரம் நாங்கள் முறை வைத்துக் கண்விழித்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

திருவிழா ராத்திரி மதினிக்கு முளைப்பாரி. விரதம் இருந்து, தலையில் சுமந்து போய், கோயிலில் எல்லாம் முடிந்து திரும்பும்போது விடியற்காலை நாலு மணி. தெருமுனையில் கால் வைத்தால் ஈரம். மழையா என்று அண்ணாந்து பார்த்தோம். வானத்தில் நட்சத்திரம். தண்ணீர் வந்து இரண்டு மணி நேரம் ஓடி நின்றுபோயிருக்கிறது. குழிகள் நிரம்பி, வழிந்து, சாக்கடையில் போய்ச் சேர்ந்துவிட்டது. மதினியின் குழிக்குள் அந்தக் குடம் கவிழ்ந்தபடியே இருந்தது. சேற்றுத் தண்ணீருக்குள் அதன் அடிப்பக்கம் மட்டும் பளபளவென்று தெரிந்தது.

அவர் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. குடத்தை எடுத்துக் கழுவி, 'இனி அடுத்தது என்னைக்கோ' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று மூன்று சக்கர வண்டியில் வரும் தண்ணீரைக் குடம் 15 ரூபாய்க்குப் பிடிக்கக் காத்திருந்ததில் ஆலைக்கு அரை நாள் போகவில்லை. அரை நாள் கூலியும் போயிற்று. இதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து இந்த மடல் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூடுதல் தண்ணீர் கேட்டு இதை எழுதவில்லை. நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் 1999-ம் வருடக் குடிநீர்க் கையேடு சொன்னது பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு. நமக்குத்தான் அது இல்லையே, ஆகவே 70 லிட்டர் என்ற வரிசைக்கு இறங்கிவிடுகிறோம். அந்த 70-ம் வரவில்லை என்பது தனிக்கதை. தாமிரபரணியிலிருந்து இத்தனை தொலைவு கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக் குழாயில் ஏறி வர வேண்டும், வழியில் மின்தடை, குழாய் உடைப்பு, மோட்டார் பழுது எல்லாம் இருக்கிறது. புரிகிறது. கரிசல் காட்டில் பிறந்தவனுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கேட்பது இது மட்டும்தான்: எந்தத் தெருவுக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பதினோரு நாளுக்கு ஒருமுறைதான் என்றாலும் சரி. ராத்திரி இரண்டு மணிதான் என்றாலும் சரி. சொல்லிவிட்டுத் திறங்கள்.

'அது எப்படி முடியும், தண்ணீர் வரத்து நிச்சயமில்லையே' என்று போன வருடம் ஒரு பொறியாளர் என்னிடம் கேட்டார். ஆற்றிலிருந்து எப்போது வரும் என்பது நிச்சயமில்லைதான். ஆனால் வந்த தண்ணீர் நேரே எங்கள் குழாய்க்கு வந்துவிடுவதில்லை. முதலில் மேல்நிலைத் தொட்டியில் ஏற வேண்டும். தொட்டி நிறைய மணிக்கணக்கில் ஆகும். நிறைந்த பிறகும் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் போகாது. வால்வு வால்வாகத்தான் திறப்பார்கள். எங்கள் தெரு வரிசையில் எத்தனையாவது என்பது தண்ணீர் திறக்கிற தம்பிக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆக, தொட்டியில் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே குத்துமதிப்பாக நேரம் சொல்லிவிடலாம். நாள் முன்னதாகச் சொல்ல முடியாவிட்டால் நாலு மணி நேரம் முன்னதாகச் சொல்லுங்கள். கோயில் வாசலில் நின்ற நாங்கள் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்திருப்போம்.

இப்போது அந்தத் தகவல் எப்படிப் பரவுகிறது தெரியுமா? தண்ணீர் திறக்கிற தம்பியின் போன் நம்பர் யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் எங்கள் தெருவில் செல்வாக்கான மனிதர். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கிற பையன், ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒன்பது வார்டுக்கு ஓடுகிறான். எல்லோரும் ராத்திரியெல்லாம் கூப்பிட்டதில் நம்பரையே மாற்றிவிட்டான். நான் அவனாக இருந்தாலும் மாற்றியிருப்பேன்.

எங்கள் நம்பரோ உங்களிடம் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் சொத்து வரிக்குக் குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது. ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. 2022-ல் வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குள் இருக்கும் என் வீட்டுக்கும் 25 சதவீதம் ஏறியது. அந்தத் தகவலும் பிசகாமல் வந்து சேர்ந்தது. மார்ச் மாதம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறீர்கள்: 'வரி செலுத்தாதவர்களின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.' முதல் முறை கேட்டபோது மதினி, 'துண்டிச்சா நமக்கு எப்படித் தெரியும்?' என்றார். அந்த ஆட்டோவே போதும். தண்ணீர் திறக்கும் முன் ஒரு சுற்று வரச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்காமல் இருக்கவில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று இதைத்தான் கேட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மூன்று மனு. ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தது. அது சுற்றிச் சுற்றி உங்களிடமே திரும்பி வந்து, 'தங்கள் பகுதியில் குடிநீர் சீராக வழங்கப்பட்டு வருகிறது, மனு முடிவு செய்யப்பட்டது' என்று பதில் கிடைத்தது. தண்ணீர் மனுக்களுக்கு நகல் எடுத்து எனக்கு நல்ல வருமானம் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த வகையில் நகராட்சிக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இது புதிய யோசனையும் அல்ல. கர்நாடகத்தில் ஹூப்ளி, தார்வாட் நகரங்களில் 2011 வாக்கிலேயே, வால்வு திறப்பவர் ஒரு போன் அடித்துச் சொன்னால் அந்தப் பகுதி வீடுகளுக்குக் குறுஞ்செய்தி போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். என் மகள் தேடிக் காட்டினாள். அதே ஏற்பாடு பெங்களூருவுக்குப் போனபோது பெரிதாகப் பலிக்கவில்லை, காரணம் வால்வு திறப்பவர்கள் ஒழுங்காகத் தகவல் சொல்லவில்லை என்றும் அவளே காட்டினாள். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் பட்டது. தம்பியின் நல்ல மனசை நம்பி விட்டுவிட்டால் வேலை நடக்காது. சொல்வதும் அவன் வேலையில் ஒரு பகுதி என்று மன்றம் தீர்மானம் போட வேண்டும், அதற்கான போன் செலவையும் மன்றமே தர வேண்டும்.

தீர்மானம் போடுவது உங்களுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. 64 பொருள் கொண்ட நிரல் ஒன்றை நான் நகலெடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நீங்கள் அதை நிறைவேற்றி முடிக்க இருபது நிமிடம்தான் ஆனது. நடுவில் வெளிநடப்பு வேறு. என் மெஷின் அவ்வளவு வேகம் கிடையாது. பூங்காவில் நீரூற்றுக்கு அனுமதி. பேருந்து நிலையம் எதிரே 'நம்ம ஊரு' என்று வண்ண எழுத்தில் செல்ஃபி பாயின்ட்டுக்கு அனுமதி. நீரூற்று திறப்பு விழா அன்று ஓடியது, அப்புறம் ஓடவில்லை. அதுவும் எங்கள் குழாய் மாதிரிதான், எப்போது வரும் என்று அதற்கும் தெரியாது. 2016 கடைசியிலிருந்து 2022 வரை ஐந்து வருடத்துக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள்தான் ஊரை நடத்தினார்கள். கேட்பதற்கு ஆளில்லை என்று அப்போது புலம்பினோம். 2022 மார்ச் 2 அன்று நீங்கள் உறுதிமொழி எடுத்தபோது எங்கள் தெருவில் வெடி போட்டோம். இப்போது கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று சொன்னால்...

மன்னிக்க வேண்டும். கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன். நீரூற்றை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரம் மட்டும் போதும்.

இன்னொன்று, இது உங்களுக்கும் லாபம். எப்போது வரும் என்று தெரியாததால்தான் தெரு முழுக்கக் குழாய்கள் திறந்தே கிடக்கின்றன. வந்தவுடன் பயத்தில் ஆளாளுக்கு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள், கடைசி வீட்டுக்கு எட்டுவதில்லை. அப்புறம் நீங்கள் வந்து மோட்டாரைப் பறிமுதல் செய்கிறீர்கள். அன்று சாக்கடையில் போன தண்ணீர் அத்தனை தூரம் காசு செலவழித்து ஏற்றிக் கொண்டுவந்தது. அந்த மின் கட்டணமும் உங்கள் நிரலில் ஒரு பொருளாக வரும், நானே நகலெடுப்பேன்.

உங்கள் வேலையை இன்னும் சுலபமாக்க, அலுவலக நடையிலேயே எழுதிவைத்திருக்கிறேன். பழக்கத்தில் வந்துவிட்டது, தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்:

'பொருள்: நகராட்சிப் பகுதிகளில் குடிநீர் திறக்கப்படும் நாள் மற்றும் நேரத்தைத் தெருவாரியாகக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னதாகக் குறுஞ்செய்தி மூலமாகவும், தெருமுனை அறிவிப்புப் பலகை மூலமாகவும் பொதுமக்களுக்குத் தெரிவித்தல். மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்.'

பலகைக்கு நிதி இல்லை என்றால் 'நமக்கு நாமே' திட்டத்தில் சேருங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் நாங்கள் போட்டுவிடுகிறோம். சாக்பீஸ் கூட நாங்களே வாங்கித் தருகிறோம்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவசரப் பொருளாக வைத்தால் இன்னும் நல்லது. நிரல் என் கடைக்கு வந்தால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் காசு வாங்க மாட்டேன், எத்தனை செட் வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்காரன்
(சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டும் நிலுவையில்லை; ரசீது நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன)