மழைக்காட்டுக் காட்சி நடத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் உங்கள் காட்சிக்கு ஆறு வயது மகளோடு வந்திருந்தேன். நாலு சுவரிலும் தரையிலும் புரொஜெக்டர் வெளிச்சத்தில் காடு. கால் வைத்த இடமெல்லாம் பூ பூத்தது. குதித்துக் குதித்து மிதித்தாள். ஐந்தாவது நிமிடம், "அப்பா, இது எப்ப மாறும்?" என்றாள்.

அவள்மேல் தப்பில்லை. மிதித்தால் பூக்கிற காடு எங்கே இருக்கிறது? நாம் ஆட்டுவித்தபடி ஆடுவதுதான் இயற்கை என்று அந்தத் தரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இந்த மாதிரிக் கலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018-ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூட வாசலில் கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள் 24-ஐக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜனங்கள் தொட்டுப் பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். பாளங்கள் தம் பாட்டுக்கு உருகின. (அவ்வளவு தூரம் பனியைச் சுமந்து வரத்தான் வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு.)

லண்டன்கூட வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போய்வாருங்கள். அங்கே குடைவரைக்குள் அண்ணாந்தால் விதானத்தில் ஒரு குளம்: தாமரை, மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். சமணர்களின் சமவசரணத்தில், அதாவது தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் தெய்வீக மண்டபத்தில், வரும் தாமரைக் குளம் என்பார்கள். தலைக்கு மேல் குளம் என்றால் நாம் நிற்பது குளத்தடியில்! காலடியில் எதுவும் பூக்காது. ஆயிரம் வருஷத்தில் நிறைய உதிர்ந்துவிட்டது. கழுத்து வலிக்க, கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் இலைகளுக்கு நடுவே ஒரு மீன் தட்டுப்படுகிறது. வெளியே வந்து, வழியில் கண்ட முதல் ஊருணியில் என்னையறியாமல் மீன் தேடினேன்.

அடுத்து சதுப்புநிலக் காட்சி என்று விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு அறையிலாவது அந்த சென்சாரைத் தலைகீழாக வேலை செய்ய வையுங்கள். அசையாமல் நின்றால் பறவை வரட்டும், குதித்தால் பறந்துவிடட்டும். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் அப்படித்தான் நடக்கிறது. அந்த வயலின் இசையை நிறுத்திவிட்டு, அங்கேயே பதிவு செய்த சத்தத்தைப் போடுங்கள், லாரி ஹாரன் உட்பட. பக்கத்திலிருக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுவரிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

மகளையும் கூட்டி வருவேன். அவள் அசையாமல் நிற்பாளா என்பது மட்டும் சந்தேகம்தான்.

இப்படிக்கு,
சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு வந்த ஒரு அப்பா