பிரிந்தது வேறு, நிலைகொண்டது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்ரோவின் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் சி.எம்.எஸ்-03 ஏவப்பட்ட செய்தியில், 'ராக்கெட் கிளம்பிய 16 நிமிடங்களில் செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் நிலைநிறுத்தப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஏவிய பிறகு கோளை இயக்கும் கர்நாடகத்து ஹாசன் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவர்கள் அன்றிரவே வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கலாமே!

தாங்கள் அறியாததா? பதினாறாவது நிமிடத்தில் கோள் ராக்கெட்டிலிருந்து பிரிந்தது, அவ்வளவுதான். அது விடப்படுவது இடைமாற்றுப் பாதையில். ஒரு முனை பூமியை ஒட்டிச் சில நூறு கி.மீ.யில், மறுமுனை பல்லாயிரம் கி.மீ. தொலைவில் இருக்கும் நீள்வட்டம் அது. ஸ்ரீஹரிகோட்டா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13.7 டிகிரியில் இருப்பதால் பாதை சாய்ந்தும் கிடக்கும். அந்தச் சாய்வை எடுத்து, 35,786 கி.மீ. உயரத்தில் வட்டமாக்குவது கோளின் சொந்தப் பாடு. தொலைமுனையில் அதன் வேகம் நொடிக்கு 1.6 கி.மீ. அளவுதான், வேண்டியதோ 3.07. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் கோளிலேயே 440 நியூட்டன் உந்துவிசை தரும் சிறிய திரவ எஞ்சின் இருக்கிறது. இரண்டு டன் கோளுக்கே அது மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். தொலைமுனையை ஒட்டி எரித்தால்தான் பலன் என்பதால் பல தவணையாக எரிப்பார்கள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் பாதையை அளந்து அடுத்ததைக் கணக்கிடுவார்கள். ஜிசாட்-6 என்ற தகவல்தொடர்புக் கோளின் 2,117 கிலோவில் 1,132 கிலோ எரிபொருள். 16 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுமென்றால் இத்தனையையும் எதற்குச் சுமந்து போனதாம்?

2018 மார்ச் 29 அன்று ஜிசாட்-6ஏ போனது. ராக்கெட் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டாவது எரிப்பு முடிந்தபின் தொடர்பு அறுந்தது. 2025 ஜனவரி 29 அன்று போன வழிகாட்டிக் கோள் என்.வி.எஸ்-02 கதை இன்னும் மோசம்: எஞ்சினில் எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றிக்கான வால்வு திறக்கவில்லை, பாதையை உயர்த்த முடியாமல் நீள்வட்டத்திலேயே தங்கிவிட்டது. இரண்டு தடவையும் முதல் பக்கத்தில் 'நிலைநிறுத்தம்', சில நாள் கழித்து உள்பக்கத்தில் 'திடீர்க் கோளாறு'. நிலைநிறுத்திய பொருள் எப்படி வழியில் நின்றது என்று வாசகன் கேட்டால் தாங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இது இன்று நேற்றைய வழக்கம் அல்ல. குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் பெரிய தகவல்தொடர்புக் கோள்கள் அங்கிருந்து கிளம்பும் என்று அரைப்பக்கம் எழுதினீர்கள். அது சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கான தளம். இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பதே அதன் ஆதாயம். வடக்கு தெற்காகச் சுற்றும் துருவப் பாதைக் கோள்களுக்குத்தான் அது உதவும். நான் அனுப்பிய மறுப்புக் கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. இடம் இல்லை போலும். மார்ச்சிலும், செப்டம்பர் இறுதி அக்டோபர் தொடக்கத்திலும் சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வரும் நாட்களில், சூரியனின் ரேடியோ இரைச்சலால் டிஷ்ஷில் சில நிமிடம் படம் கலையும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அதையும் 'செயற்கைக்கோள் பழுது' என்று ஒரு முறை போட்டீர்கள். 'வானில் அசையாமல் நிற்கும்' என்ற வரியைப் பற்றி எழுதி அலுத்துவிட்டது. பூமி சுழலும் அதே கதியில் சுற்றுவதால் நிற்பது போலத் தெரிகிறது, அவ்வளவே; நொடிக்கு மூன்று கி.மீ. ஓடுகிற பொருள், ஐயா!

கேட்பது சிறியது. ஏவிய நாள் செய்தியில் 'இடைமாற்றுப் பாதையில் விடப்பட்டது' என்று எழுதி, அண்மைத் தொலைவு (பூமிக்கு மிக அருகில்), சேய்மைத் தொலைவு (மிகத் தொலைவில்), சாய்வு ஆகிய மூன்று எண்களையும் சேர்த்துப் போடுங்கள். பிறகு கோள் தனக்குரிய தீர்க்கரேகையைச் சேர்ந்து, சோலார் பலகைகளும் ஆன்டெனாக்களும் விரிந்த செய்தி வரும்போது நாலு வரி ஒதுக்குங்கள். 'நிலைநிறுத்தப்பட்டது' என்ற சொல்லை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்