நேர் மேலே வந்ததும் விட்டால் குறி தப்பும்

ஆசிரியருக்கு வணக்கம். ஓடும் வண்டியிலிருந்து ஒரு இரும்பு உருண்டையைக் கீழே இருக்கும் கிண்ணத்தில் சரியாகப் போடுவது எப்படி என்று மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் கூடவே போட்டிருந்த படம் தப்பு. வண்டி கிண்ணத்துக்கு நேர் மேலே வந்ததும் உருண்டை செங்குத்தாக விழுவதாக வரைந்திருக்கிறீர்கள். கையை விட்டாலும் வண்டியின் வேகம் உருண்டையை விட்டுப் போகாது, முன்னே போய்க்கொண்டேதான் விழும். ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் அது பின்தங்காமல் மரத்தடியிலேயே விழுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் கசெந்தி 1640-லேயே செய்து காட்டிவிட்டார்.

கணக்கு சின்னதுதான். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ சுமார் 0.45 விநாடி ஆகும், வண்டி விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால் கிண்ணத்துக்கு 45 செ.மீ. முன்னாலேயே விட வேண்டும். உயரத்தைக் கால்வாசியாக்கினால் நேரம் பாதியாகும், வேகத்தில் வரும் பிசகும் அந்த அளவுக்குக் குறைவாகவே உறுத்தும். இதைப் போட்டிக்காகச் செய்கிறவர்கள், விதி இடம் கொடுத்தால் உருண்டையைத் தாழ்வாக வைப்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட பிறகும் குறி தப்பலாம். என் மகளோடு உட்கார்ந்து இதே மாதிரி ஒன்றைச் செய்தபோது ஒரு வாரம் சூத்திரத்தையே சந்தேகப்பட்டோம், கடைசியில் பார்த்தால் குற்றவாளி உருண்டையைப் பிடித்திருந்த மின்காந்தம். மின்சாரத்தை நிறுத்தியதும் காந்தம் உடனே விட்டுவிடும் என்று நினைத்திருந்தோம். கம்பிச் சுருளில் மின்னோட்டம் அடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, இரும்பிலும் மிச்சக் காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காந்தத்துக்கும் உருண்டைக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினோம், பாதித் தொல்லை தீர்ந்தது! சர்வோ மோட்டாரால் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) திறக்கும் கதவு வைத்தாலும் இதே கதைதான், அதிலும் ஒரு பக்கமாகத் திறக்கும் கதவு என்றால் விழும்போதே உருண்டையை ஓரமாகத் தட்டிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாக விலகும் கதவு தேவலை.

தாமதம் இருப்பது பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு தடவையும் சரியாக 0.1 விநாடி தாமதித்தால் இன்னும் 10 செ.மீ. முன்னால் கட்டளை கொடுத்துவிடலாம், அதாவது 55 செ.மீ. முன்னால், அவ்வளவுதான். ஒரு தடவை 0.05, இன்னொரு தடவை 0.15 என்று ஆடினால்தான் எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது. அதனால் பிள்ளைகள் முதலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, கட்டளை கொடுத்ததைக் காட்ட ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, உருண்டை நகரத் தொடங்கும் நேரத்தை போனில் ஸ்லோ மோஷனில் இருபது முப்பது தடவை படமெடுத்துப் பார்க்கட்டும். அப்புறம் வண்டியை ஓட்டலாம். ஓட்டும்போது விடும் இடத்துக்குச் சற்று முன்பே வேகம் நிலையாகிவிட வேண்டும், பேட்டரி இறங்க இறங்க வேகமும் இறங்கும் என்பதால் விடுவதற்கு முன் இரண்டு சென்சார்களுக்கு இடையே ஓடும் நேரத்தை வைத்து வேகத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் அளந்துகொள்வது நல்லது.

காகித உருண்டை மாதிரி லேசான பொருளுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது, அங்கே காற்றுத் தடை வந்துவிடும். அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இப்போதைக்கு அந்தப் படத்தையாவது அடுத்த வாரம் திருத்திப் போடுங்கள், பிள்ளைகள் கட்டுரையைப் படிக்கிறார்களோ இல்லையோ படத்தைப் பார்த்துத்தான் செய்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்