ஆமி குறைந்தால் காணி விடுபடுமா?

அன்பின் மச்சான்,

பெரும்போக அறுவடை முடிந்து இப்போதுதான் ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறேன். நெல்லு விலையைப் பற்றிக் கேட்காதே. வீட்டில் எல்லாரும் சுகம், அக்காவுக்குச் சீனி வருத்தம் மட்டும் கொஞ்சம் கூட.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இலங்கை ஆமியில் ஆட்களைக் குறைக்கிறார்களாமே, இராணுவ முகாமுக்குள் இருக்கிற உங்கள் காணி விடுபடுமா என்று கேட்டிருந்தாய். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு சொன்ன கணக்கு உனக்கும் தெரியும்: அனுமதிக்கப்பட்ட 200,783 பேரை 2024க்குள் 135,000 ஆக்கி, 2030க்குள் 100,000 ஆகக் குறைப்பது. அந்த நூறாயிரமே பிரித்தானியாவின் நிரந்தரத் தரைப்படையை விடப் பெரிது.

ஆனால் ஆட்களைக் குறைத்த உடனே காசு மிஞ்சும் என்று நினைத்துவிடாதே. சிப்பாய்க்கு 22 வருடம் முடிந்தால் ஓய்வூதியம். 2006 தொடக்கம் 2009 வரை அள்ளி அள்ளிச் சேர்த்தார்களே, அந்தப் பெடியன்களுக்கு 2028க்கும் 2031க்கும் இடையில் அந்த 22 வருடம் நிறைகிறது, ஆக ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாமலே எண்ணிக்கை தானாக இறங்கும், சம்பளச் செலவில் பெரும்பகுதி மட்டும் ஓய்வூதியச் செலவு என்று பெயரை மாற்றிக்கொண்டு இருக்கும். மொனராகலைப் பக்கம் போனால் தெரியும், வீட்டுக்கு வருகிற ஒரே நிரந்தர வருமானம் மகனின் ஆமிச் சம்பளம் என்று எத்தனை குடும்பம். எந்த அரசாங்கமும் அதில் அவசரப்பட்டுக் கை வைக்காது.

எண்ணிக்கை மட்டும் பாதுகாப்புத் தராது என்பதை மட்டக்களப்பானிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்றைக்கு இந்த நாட்டில் படையினருக்கா பஞ்சம்? ஏப்ரல் 4இலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது, அது போகவேண்டிய மேசைக்குப் போகவில்லை, போன மேசைகளில் தூங்கியது. அதைத் தடுக்கத் தவறியதற்காக 2023இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையே பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. 2024 ஒக்ரோபரில் அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரருக்கு ஆபத்து என்று தகவல் வந்தபோது மட்டும் பொலிசும் அதிரடிப் படையும் ஓடி வந்து நின்றன. பாடம் படித்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், அல்லது அமெரிக்கத் தூதரகம் சொன்னதால் ஓடினார்களோ தெரியாது.

என்னைக் கேட்டால் இனிக் காசு போகவேண்டிய இடம் கடல். ஐந்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல் நம்முடைய பொருளாதார வலயம், நிலத்தைப் போல ஏழெட்டு மடங்கு. கடற்படையின் பெரிய ரோந்துக் கப்பல்களில் சமுதுர, கஜபாகு, விஜயபாகு மூன்றும் அமெரிக்கக் கரையோரக் காவல்படை பாவித்துவிட்டுத் தந்தவை. பிச்சை வாங்கிய சட்டை மாதிரி, அளவு பார்த்தா போட முடியும்? சயுரலவும் சிந்துரலவும்தான் நமக்கென்று கோவாவில் புதிதாகக் கட்டியவை. போன வருசம் மச்சினனின் ஆழ்கடல் போட் என்ஜின் நின்று மிதந்து, வாழைச்சேனைக்கு இன்னொரு மீன்பிடிப் போட்தான் கட்டி இழுத்து வந்தது, ஐஸ் உருகி மீன் முழுக்கப் பழுது. ஐஸ் என்றதும் ஞாபகம், இப்போது தாய்மார் பயப்படுவது மற்ற ஐசுக்கு, அந்தப் போதைப்பொருளுக்கு. அதில் பெரும்பகுதி போட்டில்தான் வருகிறது. அதைப் பிடிக்கக் கப்பலும் ராடாரும் வேண்டும், சந்திக்குச் சந்தி நிற்கும் சிப்பாய் எதற்கு?

காணி விசயம் வேறு கணக்கு. ஆள் குறைந்தால் சின்ன முகாம்களைப் பெரிய முகாம்களோடு சேர்ப்பார்கள், அப்போது உங்களுடையது விடுபடவும் கூடும், பெரிய முகாமாக நிலைக்கவும் கூடும். விடுகிற அன்றைக்குக் காணி உறுதிப் பத்திரம் காட்டுகிறவனுக்குத்தான் பேச்சு. அப்பாவின் பெயரில் இருக்கிற உறுதியையும் நில அளவைப் படத்தையும் தெளிவாகப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தை நான் கொடுத்து வைக்கிறேன், கையொப்பம் மட்டும் நீதான் வைக்கவேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான், கல்லடி